நித்தியகல்யாணியைத் தொட்டியிலேயே விடுங்கள்

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், சிட்லபாக்கம், மேடவாக்கம் வட்டார மாடித்தோட்டக்காரர்களுக்கும், காலையில் ஏரிக்கரையில் நடக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் ஒரு திறந்த மடல்



உங்களில் பாதிப் பேர் நித்தியகல்யாணியை வளர்க்கிறீர்கள். மீதிப் பேர் அதை மெல்லுகிறீர்கள். இரண்டையும் செய்கிறவர்களும் உண்டு. வளர்ப்பவர்களிடம் எனக்குச் சண்டை எதுவும் இல்லை, கொஞ்சம் யோசனைகள்தான். மெல்லுகிறவர்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

நடை முடிந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒருவர் பாலித்தீன் கவரைப் பிரிப்பார். உள்ளே நாலைந்து இலை, இரண்டு மிளகு. "வெறும் வயித்துல மென்னு முழுங்கிடுங்க சார், சுகர் தானா இறங்கிடும்" என்று அடுத்தவருக்கும் நீட்டுவார். நீட்டுகிறவர் நல்லவர், அதில் சந்தேகமே இல்லை. யார் வீட்டு மாடியில் பறித்த இலை என்று கேட்டால் அந்த நல்லவர் உங்களில் ஒருவரைக் கைகாட்டுவார். அதனால்தான் இரு தரப்புக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன்.

செடியைப் பற்றி முதலில். ரயில் பாதை ஓரத்திலும் காலி மனையிலும் கல்லறைத் தோட்டத்திலும் தானாக முளைத்துக் கிடப்பதால் இது நம் மண்ணின் செடி என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இதன் சொந்த ஊர் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து பாரிஸ் அரசுத் தோட்டத்துக்கு விதை போனது. லண்டன் செல்சீ மருந்துத் தோட்டத்தில் பிலிப் மில்லர் அதை வளர்த்தார். 1759இல் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயர் சூட்டினார். பிறகு கப்பல் போன துறைமுகமெல்லாம் செடியும் போய்ச் சேர்ந்தது. இந்தப் பேரினத்தில் எட்டு வகைகள் உண்டு. ஏழு மடகாஸ்கருக்கே உரியவை. எட்டாவது மட்டும் இந்தியாவிலும் இலங்கையிலும் வயல் வரப்பில் வளரும், சின்ன வெள்ளைப் பூ பூக்கும் களைச்செடி. நம் தொட்டியில் இருப்பது அதுவல்ல.

வந்த செடி சுடுகாட்டு மல்லி என்ற பெயரையும் வாங்கிக்கொண்டது. இன்றும் சில வீடுகளில் பெரியவர்கள் இதை வாசலில் வைக்க விடுவதில்லை. அதே தெருவில் நாலு வீடு தள்ளி, இதன் வெள்ளைப் பூவைப் பறித்துச் சாமி படத்துக்கு வைக்கிறார்கள். நர்சரிக்காரருக்கு இரண்டு கவலையும் கிடையாது. அவர் 'வின்கா' என்று சொல்லி, கருஞ்சிவப்பிலும் பீச் நிறத்திலும் ஒட்டுரகம் விற்கிறார்.

நம் பகுதிக்கு இதைவிடத் தோதான பூச்செடியை நான் பார்த்ததில்லை. பல்லாவரம் மலையையும் திரிசூலத்தையும் பார்த்தாலே தெரியும், நாம் குடியிருப்பது பாறைமேல். மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் போனால் அடையாற்றின் வண்டல். கிழக்கே மேடவாக்கம், பெரும்பாக்கம் போனால் சதுப்பும் உப்புச் சுவை தட்டும் போர்த் தண்ணீரும். ரோஜாவை வைத்துவிட்டு இந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தச் செடியின் அருமை தெரியும். நித்தியகல்யாணி ஓரளவு உப்பைப் பொறுத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடி கொதிக்கும்போது மற்றதெல்லாம் தலை தொங்கும், இது மட்டும் பூத்துக்கொண்டிருக்கும். தெருவோரத்தில் வைத்தாலும் மாடு கடிக்காது. ஆடும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஆடு விட்ட இலையை நாம் ஏன் மெல்லுகிறோம் என்ற கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வைக்கிறேன்.

இதைக் கொல்வது வெயிலோ வறட்சியோ அல்ல, நம் கரிசனம்தான். காலையும் மாலையும் குவளை குவளையாக ஊற்றுவோம். தென்னை நார்க்கழிவைப் பைநிறைய அடைத்துவைப்போம். ஐப்பசி மழை வந்ததும் அந்த நார் பஞ்சுபோல ஊறிக் கிடக்கும். வேர் மூச்சுத் திணறும். ஃபைடோப்தோரா, பித்தியம் என்ற பூசணங்கள் உள்ளே புகும். ஒருநாள் காலையில் பார்த்தால் பச்சையாக நின்ற கிளை நுனியிலிருந்து கறுத்துத் தொங்கும். "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு" என்போம். தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஒரு குவளை ஊற்றுவோம். அதோடு முடிந்தது. கருகிய செடிக்கு மருந்தடிப்பதைவிடப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த மண்ணை வெயிலில் காயப்போடுவது மேல்.

ஆகவே மண் கலவையில்தான் கவனம் வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. நார்க்கழிவு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். உரத்தோடு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தைக் கொஞ்சம் கலந்து வைத்தால் வேர் அழுகல் குறையும். வேளாண் இடுபொருள் கடைகளில் பொடியாகக் கிடைக்கிறது. தொட்டியின் அடித்துளையை ஓட்டுச்சில்லால் மூடி மண்ணை நிரப்புங்கள். தொட்டியைத் தரையோடு ஒட்ட வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர். அதுவும் இலைமேல் தெளிக்காமல் அடியில் ஊற்றுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரைத் தினமும் இதற்கே ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்தால் செடியின் பொறுமை தீர்கிறது என்று பொருள். பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து ஊற்றுங்கள்.

ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வெயில் இருந்தால்தான் பூக்கும். அடுக்குமாடிப் பால்கனியில் வடக்குப் பார்த்து வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று என்னிடம் கேட்காதீர்கள். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டாலும் இலைதான் வரும், பூ வராது. செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை வெடித்துப் புதராகும். மழைக்காலம் முழுவதும் தொட்டிகளைக் கூரை விளிம்புக்குள் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். தை பிறந்ததும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் பங்குனியில் புதுத் துளிரோடு நிற்கும். இரண்டு வருடத்துக்கு மேல் அடித்தண்டு கட்டையாகிவிடும். அப்புறம் அதைக் கொஞ்சிக்கொண்டிருப்பதில் பயனில்லை, விதை போட்டுப் புதிதாக வளர்ப்பதே சரி.

விதை எடுப்பதில் ஒரு சின்னக் கலை இருக்கிறது. பூ உதிர்ந்த இடத்தில், இலைக்கும் தண்டுக்கும் இடையே, இரண்டு மெல்லிய காய்கள் சேர்ந்தாற்போல மேல்நோக்கி நிற்கும். நீளம் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் முன்பின். பச்சையாக இருக்கும்போது பறித்தால் உள்ளே வெளிறிய விதைதான் இருக்கும், முளைக்காது. முற்றிலும் காய்ந்த பிறகு போனால் காய் ஒரு பக்கம் வாய் பிளந்து காலியாகக் கிடக்கும், விதை பக்கத்துத் தொட்டியில் முளைத்திருக்கும். பச்சை வெளுத்து மஞ்சளாகிற அந்த இரண்டொரு நாள்தான் சமயம். பறித்துக் காகிதத்தில் வைத்தால் தானே வெடிக்கும். உள்ளே கறுப்பாக, சீரகத்தைவிடச் சிறியதாக, ஒரு பக்கம் கோடு விழுந்த விதைகள். இவை வெளிச்சத்தில் சரியாக முளைக்காது. கால் அங்குல மண் மூடி, நனைத்த சாக்கைப் போர்த்தி இருட்டாக்குங்கள். ஒரு வாரம் பத்து நாளில் முளை தெரியும், உடனே சாக்கை எடுத்துவிடுங்கள். மறந்தால் நாற்று வெளுத்து நீண்டுவிடும். நர்சரி ஒட்டுரகத்தின் விதையில் தாயின் நிறம் அப்படியே வராது. பழைய ரோஸ் நிறமும் வெள்ளையும் சொன்னபடி கேட்கும்.

எதிரிகள் அதிகமில்லை. மாவுப்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீர் போதும். இலைகள் திடீரென்று மிகச் சின்னதாகி, பூ இதழெல்லாம் பச்சையாக மாறினால் அது சிற்றிலை நோய். தத்துப்பூச்சி பரப்புவது. மருந்து கிடையாது, பிடுங்கிவிட வேண்டியதுதான். சில நாள் ஒரே இரவில் ஒரு கிளை மொட்டையாகியிருக்கும். இலையடியில் தேடிப் பாருங்கள். விரல் கனத்தில் பச்சைப் புழு ஒன்று இருக்கும். தலைப்பக்கம் நீல நிறத்தில் இரண்டு கண்போன்ற புள்ளி, வாலில் ஒரு சின்னக் கொம்பு. தொட்டால் தலையைக் குனிந்து அந்தப் பொய்க்கண்ணை உருட்டிக் காட்டும். அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு அது. அரளியும் நந்தியாவட்டையும் நித்தியகல்யாணியும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தின் நஞ்சைத் தின்று வளரப் பழகிய உயிர் இந்தப் புழு. நசுக்காமல் எடுத்துத் தெருவோர அரளியில் விட்டுவிடுங்கள், அங்கே பிழைத்துக்கொள்ளும்.

குடும்பம் என்றதும் 2024 மே மாதம் கேரளத்தில் நடந்தது நினைவுக்கு வருகிறது. திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ கூடாது என்று அறிவித்தன. தலைமுறை தலைமுறையாகக் கோயிலில் இருந்த பூதான். அதன் பங்காளியைத்தான் நாம் மிளகோடு மெல்லுகிறோம். இரண்டின் நஞ்சும் வேறு வேறு. அரளி இதயத்தைப் பிடிக்கும். நித்தியகல்யாணி எதைப் பிடிக்கும் என்பதற்கு ஒரு வரலாறே இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சர்க்கரைக்கு இந்த இலை என்பது நம் ஊர்ப் பேச்சு மட்டுமல்ல. ஜமைக்காவில் இதைத் தேநீராகக் குடித்தார்கள், பிலிப்பைன்ஸிலும் அதே நம்பிக்கை. 1952இல் ஜமைக்காவிலிருந்து கனடாவின் டொரான்டோவுக்கு ஓர் உறை போனது. உள்ளே 25 இலைகள். பெற்றுக்கொண்டவர் டாக்டர் கிளார்க் நோபிள். இவர் யார் தெரியுமா? 1921இல் இன்சுலின் ஆராய்ச்சியில் பான்டிங்குக்கு உதவியாளராக முதலில் யார் போவது என்று மாணவர் இருவர் நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். ஜெயித்தவர் சார்லஸ் பெஸ்ட், உலகப் புகழ் பெற்றார். தோற்றவர் இந்த நோபிள். முப்பது வருடம் கழித்து அதே சர்க்கரை நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டு இன்னொரு கண்டுபிடிப்பு அவர் வீட்டுக் கதவைத் தட்டியது. அவர் அந்த இலைகளை ஆராய்ச்சியாளரான தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பிவிட்டார்.

தம்பி, மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு இலைக் கஷாயத்தைக் குடிக்கக் கொடுத்தார். சர்க்கரை அசையவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றிப் பார்த்தார். சர்க்கரை அப்போதும் இறங்கவில்லை, எலிகள் செத்தன. ஏன் செத்தன என்று பார்த்தபோது ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன, எலும்பு மஜ்ஜை நலிந்திருந்தது, கிருமித் தொற்று கொன்றிருந்தது. இன்னொருவராக இருந்தால் இலையைக் குப்பையில் போட்டிருப்பார். வெள்ளை அணு கட்டுமீறிப் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய் என்று நோபிள் திருப்பி யோசித்தார். சார்லஸ் பீர் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கார்டன் ஸ்வபோடா குழுவும் இதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்து வின்கிறிஸ்டின் வந்தது. 1963இல் அதற்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் என்றால் கைவிட்டுவிட வேண்டியதுதான் என்றிருந்த நிலை, இந்த மருந்தை மற்றவற்றோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகே மாறியது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இரண்டும் இன்றும் இருக்கின்றன. மடகாஸ்கருக்கு இதில் பங்கு எதுவும் போகவில்லை என்பது தனிக் கதை, தனிக் கோபம்.

இலையில் இருக்கும் பொருள் என்ன செய்கிறது? செல் இரண்டாகப் பிரியும்போது அதற்குள் இழைகள் கட்டப்படும். அந்த இழையைக் கட்ட விடாமல் செய்கிறது, செல் பிரிய முடியாமல் சாகிறது. புற்றுச்செல் என்றும் நல்ல செல் என்றும் அதற்குத் தெரியாது. வேகமாகப் பெருகும் எதையும் அடிக்கும். மஜ்ஜை, முடி, குடல் உள்தோல் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். அதனால்தான் புற்றுநோய் மருத்துவமனையில் அந்த ஊசியை மில்லிகிராம் கணக்கில் அளந்து, ரத்த அணுவை எண்ணி, ரத்தக் குழாயில் மட்டுமே ஏற்றுகிறார்கள். தவறி முதுகுத்தண்டு நீரில் ஏறினால் உயிர் போகும். கை கால் விரல் மரத்துப்போவது வின்கிறிஸ்டினின் தெரிந்த பக்கவிளைவு. ஏற்கெனவே சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இலைச்சாறு எலிகளில் சர்க்கரையைக் குறைத்ததாகப் பிற்கால ஆய்வுகள் உண்டு. வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும் இலையில் இருப்பது மிக மிகக் கொஞ்சம். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பார்கள். "அப்படின்னா நாலு இலை என்ன பண்ணிடும்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இந்தச் செடியில் கண்டுபிடிக்கப்பட்ட ஆல்கலாய்டுகள் நூற்றுக்கும் மேல். இரண்டுக்குத்தான் புகழ். வேரில் இருக்கும் அஜ்மலிசின் ரத்த அழுத்தத்துக்கான மருந்து. உங்கள் தொட்டி இலையில் எது எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வெயிலுக்கும் வயதுக்கும் ரகத்துக்கும் தக்கபடி அளவு மாறும். நாலு இலையில் சர்க்கரை இறங்கவில்லை என்றால் ஏமாற்றம்தான். இறங்கிவிட்டால் அது அதைவிட மோசம். காலையில் கிளிமிப்ரைடு மாத்திரை போட்டுக்கொண்டு, மேலே இலையும் தின்றுவிட்டு, நடந்து முடித்த 65 வயதுக்காரருக்குப் பேருந்து நிறுத்தத்தில் கண் இருட்டினால் பக்கத்தில் நிற்பவருக்கு என்ன தெரியும்? அதைவிடப் பெரிய ஆபத்து சத்தமில்லாமல் நடக்கிறது. இலை இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள். அவர்களுடைய கண்ணும் சிறுநீரகமும் மாதக்கணக்கில் கணக்கெழுதிக்கொண்டிருக்கும்.

மூலிகையே வேண்டாம் என்பதல்ல என் பேச்சு. நாம் இருப்பது எந்த ஊரில்? 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக மருத்துவமனை தொடங்கியதால் சானடோரியம் என்று பெயர் பெற்ற இடத்தில். அதே சானடோரியத்தில், 2005 செப்டம்பர் 3 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அயோத்திதாச பண்டிதர் பெயரில் மருத்துவமனையும் அங்கேயே. நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் சித்த வைத்தியத்துக்காக இங்கே ரயிலேறி வருகிறார்கள். நாம் மின்சார ரயிலில் அதே நிறுத்தத்தைக் கடந்துபோய், பெஞ்சில் இருப்பவரிடம் இலை வாங்கித் தின்கிறோம். சித்த மருத்துவரிடமே போங்கள். போகும்போது சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, சிறுநீரகப் பரிசோதனை முடிவு, நீங்கள் போடும் ஆங்கில மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் சுத்தி செய்து, அளவு பார்த்து, எது தருகிறாரோ அதை அவருடைய பொறுப்பில் சாப்பிடுங்கள். உங்கள் அலோபதி மருத்துவரிடமும் அதை மறைக்காதீர்கள். இதுவரை இலை தின்றவர்கள், தின்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புற்றுநோய்க்கு வைத்தியம் பார்ப்பவர் வீட்டிலிருந்து யாராவது இலை கேட்டு வந்தால் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள். அவருக்கு ஏற்கெனவே வெள்ளை அணு குறைந்திருக்கலாம். மருந்தாக அது தேவையென்றால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் பாட்டிலில் இருக்கிறது.

இலைக்கு நியாயமான வழி ஒன்று ஏற்கெனவே இருக்கத்தான் செய்கிறது. தெற்கே திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், இராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் இதைப் பயிராகவே போடுகிறார்கள். நேரடியாக விதைத்தால் எக்டேருக்கு இரண்டரை கிலோ விதை, ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை, ஓராண்டு முடிவில் வேர். லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணப் பயிர் நிறுவனம் இதற்கென்றே நிர்மல், தவல் என்று வெள்ளைப்பூ ரகங்களை வெளியிட்டிருக்கிறது. இலையும் வேரும் மருந்து ஆலைக்குப் போகின்றன. அமெரிக்காவுக்கும் ஹங்கேரிக்கும் கப்பலேறிய காலமும் உண்டு. 2022இல் டென்மார்க் ஆய்வாளர்கள் ஈஸ்ட்டில் மரபணுக்களைப் புகுத்தி, வின்பிளாஸ்டினுக்கான மூலப்பொருள்களை அதிலேயே விளைய வைத்துக் காட்டிவிட்டார்கள். மானாவாரி விவசாயிக்கு அது நல்ல செய்தியா என்பது வேறு விஷயம்.

மாடித்தோட்டக்காரர்களே, உங்களிடம் மூன்றே வேண்டுகோள். இலை கேட்டு வருகிறவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராவிட்டால் விதையைக் கொடுங்கள், தை மாதம் போடச் சொல்லுங்கள். விதைப் பொட்டலத்தின் மேல் 'பூவுக்கு மட்டும், தின்னக் கூடாது' என்று எழுதுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீடானால் தொட்டியைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே, எட்டாத உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

நடைக்காரர்களே, உங்களிடம் ஒன்றுதான். நாளைக் காலை அந்தக் கவர் கைமாறி வரும்போது வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
கிழக்குத் தாம்பரத்திலிருந்து
உங்களில் ஒரு மாடித்தோட்டக்காரன்